தீவுல அழியப்போற பாம் மரங்கள நம்ம செம்மண்ணுல வளக்கறது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

கிருஷ்ணகிரில இருந்து ஓசூர் போற ரோட்டுல எந்த நர்சரில வண்டிய நிறுத்தினாலும் சரி, தர்மபுரி பக்கம் புதுசா கட்டின கல்யாண மண்டபத்து வாசல பாத்தாலும் சரி, அடி குண்டா மேல ஒடுங்கி நாலஞ்சு மட்டையோட ஒரு பாம் மரம் நிக்கும். பாட்டில் பாம். நம்மாளுங்க அத அலங்காரச் செடின்னு மட்டும் நெனச்சு கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜோடியா வெச்சுட்டு போயிடறாங்க, ஆனா அதோட சொந்த ஊரு மொரீசியஸுக்கு வடக்கால கடலுக்குள்ள இருக்கற ரவுண்ட் ஐலண்ட்ங்கற சுமார் 2 சதுர கிலோமீட்டர் தீவு, உலகத்துலயே அந்த ஒரு எடத்துலதான் அது தானா வளந்த காட்டு மரம், அழியற உயிரினங்கள கணக்கெடுக்கற ஐயூசிஎன்ங்கற உலக அமைப்போட சிவப்புப் பட்டியல்ல அழிவோட விளிம்புல இருக்கற வகைல போட்டிருக்காங்க. காட்டுல அந்த கதி, இங்க பெட்ரோல் பங்க் ஓரத்துல கொழுகொழுன்னு நிக்குது.

இந்த மாதிரி தீவுச் செடி இன்னும் நாலஞ்சு நம்ம நர்சரிங்கள்ல சாதாரணமா கெடைக்குது. அது எந்தக் காட்டுல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுகிட்டா வளக்கறது சுலபம், தெரியாம வெச்சா காசு தண்டம், சொல்ல வர்றது அவ்ளோதான். வாசல்ல நாலு வெச்சுட்டு ஒரு இனத்தையே காப்பாத்திட்டோம்னு பேசறது வேற கதை, அதுக்கு கடைசில வர்றேன்.

1. மொதல்ல எந்தக் காட்டுச் செடின்னு பாருங்க

தீவுக் காடுன்னாலே மழை கொட்டற பச்சைக் காடுன்னு ஒரு நெனப்பு இருக்கு. அப்படி கெடையாது. ஒரே தீவுல மழைக்காத்து மோதற பக்கம் சதா சொதசொதன்னு இருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் நம்ம அரூர் பக்கத்து கரடு மாதிரியே காஞ்சு கெடக்கும். செடி எந்தப் பக்கத்துல இருந்து வந்ததுங்கறதுதான் முக்கியம்.

பாட்டில் பாம், அதாவது ஹையோஃபோர்பி லாஜெனிகாலிஸ், எரிமலைச் சாம்பல் இறுகின பாறைத் தீவுல, உப்புக் காத்துல, மண்ணே சரியா இல்லாத எடத்துல வளந்தது. அதனால நம்ம சுக்கான் கலந்த செம்மண்ணு, வெயிலு, இதெல்லாம் அதுக்கு பெரிய விஷயமே இல்ல. தண்ணி தேங்கினாதான் செத்துப் போகும்.

அதோட பங்காளி ஸ்பிண்டில் பாம், மொரீசியஸுக்கு கிழக்க இருக்கற ரோட்ரிக்ஸ் தீவுக்காரன். இதுக்கு அடி ஒல்லியா, நடு பருத்து, மேல மறுபடி ஒல்லியா இருக்கும். இதுவும் காட்டுல அழிவோட விளிம்புலதான் இருக்கு. வளக்கற முறை ரெண்டுக்கும் ஒண்ணேதான்.

ட்ரையாங்கிள் பாம்னு சொல்றது மடகாஸ்கரோட தெக்கு முனைல இருந்து வந்தது, அங்க ஆண்டோஹஹேலா தேசியப் பூங்கான்னு ஒண்ணு இருக்கு, கிழக்கால மழைக்காடு, மேக்கால முள்ளுக்காடு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற குறுகலான ஒரு பட்டைலதான் இந்த மரம். மட்டைங்க மூணு வரிசையா, முக்கோணமா அடுக்கி வரும், சாம்பல் பூத்த பச்சை. என் கணக்குக்கு தர்மபுரி சமவெளிக்கு இதவிட பொருத்தமான தீவு மரம் இல்ல. ஆனா ஏனோ நம்மாளுங்க இத கண்டுக்கறதே இல்ல.

நீல லட்டானியா. இதுவும் ரவுண்ட் ஐலண்ட், அதுக்கு பக்கத்துல இருக்கற சின்னத் தீவுகள்ல உள்ளது. விசிறி இலை, வெள்ளி பூசின நீலம். நம்ம பனைக்கு இது நெருங்கின சொந்தம், ரெண்டும் ஒரே குலம், பனை மாதிரியே ஆண் மரம் தனி பெண் மரம் தனி. பனை வளர்ற எடத்துல இதுவும் வளரும்னு தைரியமா சொல்லலாம், பென்னாகரம் பக்கம் பனைக்கு என்ன கொறச்சல்.

அரிக்கா பாம் எல்லாருக்கும் தெரியும், பேங்க்ல இருந்து பல் டாக்டர் கிளினிக் வரைக்கும் தொட்டில நிக்கறது. இது மடகாஸ்கர் கிழக்குக் கரையோட ஈரக் காட்டுச் செடி, தன்னோட சொந்தக் காட்டுல அதுவும் கொறஞ்சுகிட்டே வருது. இதுக்கு நெழலும் நல்ல தண்ணியும் வேணும், வெட்டவெளில மொட்டை வெயில்ல வெச்சுட்டு இலை மஞ்சளாகுதுன்னு பொலம்பறதுல அர்த்தமில்ல.

கிறிஸ்துமஸ் மரம்னு விக்கறாங்களே அடுக்கடுக்கா, அது பாம் கெடையாது, ஆனா தீவு மரம்தான். நார்ஃபோக் தீவு அராகேரியான்னு சொல்லித்தான் விப்பாங்க, பல சமயம் கையில வர்றது நியூ கலிடோனியாவோட குக் பைன். இந்த குக் பைன்கிட்ட ஒரு வேடிக்கை இருக்கு, உலகத்துல எங்க நட்டாலும் அது பூமத்திய ரேகைப் பக்கமா சாஞ்சுதான் வளரும், நம்ம பக்கம்னா தெக்கால சாயும், ஆஸ்திரேலியால வடக்கால சாயும். 2017ல ஆராய்ச்சிக் கட்டுரையாவே வந்துச்சு. அதனால மரம் கோணலா போகுதுன்னு முட்டு குடுத்து கயிறு கட்டி இழுக்காதீங்க, அது அப்படித்தான்.

கடல் தேங்காய் வளக்க முடியுமான்னு கேக்கற ஆளுங்க எப்பவும் ஒருத்தர் இருப்பாங்க, நாட்டு மருந்துக் கடைல துண்டு துண்டா விக்கறத பாத்திருப்பீங்க. அது செஷல்ஸ்ல பிராஸ்லின், கியூரியஸ்னு ரெண்டே தீவுல இருக்கற மரம், ஒரு விதை 25 கிலோ வரைக்கும் எடை வரும், உலகத்துலயே பெரிய விதை. ஏற்றுமதிக்கு அங்க கடுமையான கட்டுப்பாடு. ஹவுரா தாவரவியல் தோட்டத்துல 1894ல நட்டது ஒண்ணு நிக்குது, அது பூக்கவே ஏறக்குறைய நூறு வருஷம் ஆச்சு. பேரன் பேத்தி காலத்துலதான் பூக்கும், விட்டுடுங்க.

2. உங்க எடம் எப்படின்னு பாருங்க

நம்ம ரெண்டு மாவட்டமும் ஒரே மாதிரி இல்ல. தர்மபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு சமவெளின்னா பாட்டில் பாம், ஸ்பிண்டில், ட்ரையாங்கிள், லட்டானியா நாலும் வெட்டவெளிலயே வரும். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் மாந்தோப்பு இருக்கறவங்க, மாமரத்து ஓரமா அரை நெழல்ல அரிக்காவும் வெக்கலாம், ஆனா மாமரத்துக்கு அடிக்கற மருந்து படாத தூரத்துல.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வேற கதை. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், மார்கழி தை குளிர்ல பாட்டில் பாம் சாகாது, ஆனா அப்படியே உறைஞ்சு போன மாதிரி வளராம நிக்கும், புதுக் குருத்து பங்குனி வரைக்கும் வராது. பயந்து போய் அந்த நேரத்துல உரத்த கொட்டாதீங்க. அராகேரியாவுக்கும் அரிக்காவுக்கும் ஓசூர்தான் சொர்க்கம்.

மண்ணையும் போர்த் தண்ணியையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கங்க. தர்மபுரிக்காரங்களுக்கு பாப்பாரப்பட்டி கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்), கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு எலுமிச்சங்கிரி கேவிகே. அரை கிலோ மண்ணு, ஒரு பாட்டில் தண்ணி, செலவு பெருசா இல்ல.

3. நர்சரில வாங்கறது (இதுலதான் பாதிப்பேர் ஏமாறறாங்க)

"அண்ணா, இது பாட்டில் பாம் தானே?"

"ஆமா சார், எல்லாமே பாட்டில் பாம் தான், எத்தன வேணும்?"

இந்தப் பேச்ச நம்பி டெம்போ ஏத்தினீங்கன்னா பாதி நேரம் வீட்டுக்கு வர்றது ராயல் பாம். கியூபா, ஃப்ளோரிடா பக்கத்து மரம், இந்தியா பூரா அதையும் பாட்டில் பாம்னுதான் கூப்புடுறாங்க, அதனால நர்சரிக்காரர் பொய் சொல்றார்னு சொல்ல முடியாது. ஆனா அது 60 அடிக்கு மேல போகும், பழுத்த மட்டை ஒவ்வொண்ணும் மேல இருந்து தொப்புன்னு விழுந்தா கார் கண்ணாடி காலி. அசல் பாட்டில் பாம் 10, 12 அடில நின்னுடும், அதுக்கே பல வருஷம் ஆகும்.

சின்னக் கன்னுல எப்படி கண்டுபுடிக்கறது? ஒரு மட்டைய கையில புடிச்சு முன்னாடி பின்னாடி திருப்பிப் பாருங்க. அசல்ல இலைக்கீத்துங்க ரெண்டு வரிசையா, நடு நரம்புல இருந்து மேல் நோக்கி ஆங்கில வி எழுத்து மாதிரி தூக்கி நிக்கும், மட்டை வளைஞ்சு லேசா முறுக்கிகிட்டு இருக்கும், இளங்கன்னுல மட்டைத் தண்டுலயும் கீத்து ஓரத்துலயும் செம்பழுப்பு கோடு ஓடும். ராயல் பாம்ல கொஞ்சம் வளந்த ஒடனே கீத்துங்க பல திசைல கெளம்பி புசுபுசுன்னு ஆயிடும், செவப்பு இருக்காது. மட்டை எண்ணிக்கையும் பாருங்க, அசல்ல ஒரே நேரத்துல நாலு, அஞ்சு, ஆறு, அவ்ளோதான், பத்து பதினஞ்சு மட்டையோட தழைதழைன்னு நின்னா அது வேற ஏதோ.

லட்டானியா கேக்கறப்பவும் இதே கூத்து. சீன விசிறிப் பனைய ரொம்ப காலமா உலகம் பூரா லட்டானியான்னு வித்துட்டு இருந்தாங்க, இப்பவும் அந்தப் பேரு ஒட்டிகிட்டு இருக்கு. இலை நுனி ரெண்டா கிழிஞ்சு தொங்கினா அது சீனப் பனை, வெறைப்பா நீலம் பூத்து நின்னா லட்டானியா.

வகை சரின்னு ஆனதும் கன்ன சோதிக்கணும். நடுக்குருத்த ரெண்டு விரல்ல புடிச்சு மெதுவா மேல இழுங்க, கெட்டியா நின்னா சரி, உருவிகிட்டு வந்தா குருத்தழுகல், அந்த வரிசைலயே வாங்க வேணாம். அடித்தண்ட கட்டைவிரலால அமுக்குங்க, எங்கயும் மெத்துன்னு இருக்கக்கூடாது. அப்பறம் இலையத் திருப்பி அடிப்பக்கம் பாக்கறது, இத யாரும் செய்யறதே இல்ல. வெள்ளை மாவுல வட்ட வட்டமா சுருள் கோலம் போட்ட மாதிரி இருந்தா சுருள் வெள்ளை ஈ. 2016ல பொள்ளாச்சி பக்கம் தெரிய வந்து இப்ப தென்னை இருக்கற எல்லா எடத்துக்கும் வந்துடுச்சு, அழகுக்கு வெக்கற பாம் வகைங்கள்லயும் நல்லா ஒக்காரும். ஒரு கன்னோட அத வாங்கிட்டு வந்தா உங்க தென்னைக்கும் பக்கத்து தோட்டக்காரர் தென்னைக்கும் நீங்களே கொண்டாந்து விட்ட கணக்கு.

பெருசா வாங்கினா சீக்கிரம் அழகா நிக்கும்னு ஆறடி மரத்துக்கு காசு குடுக்காதீங்க. தோண்டி எடுத்து கோணில கட்டி வெச்ச பெரிய மரத்துக்கு பாதி வேர் போயிருக்கும். ரெண்டடி, மூணடி கன்னு, அதே பையில ஒரு வருஷமாவது இருந்தது, அது போதும். லட்டானியான்னா இன்னும் சின்னது, ஆழமான பையில இருக்கறதா பாத்து வாங்குங்க, ஏன்னா அது பனங்கொட்டை மாதிரியே மொதல்ல கீழ எறங்கி அப்பறம்தான் மேல வர்ற சாதி, வேர் அறுந்தா பெரும்பாலும் பொழைக்காது.

4. குழி, நடவு

நேரம்: ஆடிப் பெருக்கு கழிச்சு மழை ரெண்டு விழுந்து மண்ணு எளகினதும் நடலாம், ஐப்பசி பாதி வரைக்கும் நேரம் இருக்கு. மாசி பங்குனில நடறது வீண் வேலை.

குழி மூணடிக்கு மூணடி. பாறை, சுக்கான் தட்டுச்சுன்னா அங்கயே விட்டுட்டு வேற எடம் பாக்காதீங்க, கடப்பாறைல ரெண்டு மூணு எடத்துல ஒடச்சு விட்டு, குழில ஒரு குடம் தண்ணி ஊத்தி பாருங்க, மறுநாள் காலைல தண்ணி நின்னுச்சுன்னா மட்டும் எடம் மாத்துங்க. தோண்டின மண்ணுல பாதி, நல்லா மக்கின தொழு உரம் கால் பங்கு, மிச்சம் பெருமணல், ரெண்டு கை வேப்பம் புண்ணாக்கு. மக்காத சாணி போட்டா காண்டாமிருக வண்டு வந்து முட்டை வெக்கும், அது நேரா குருத்துக்குத்தான் வழி.

பையக் கிழிக்கறப்ப மண்ணுருண்டை ஒடையக்கூடாது. பிளேடால ரெண்டு பக்கம் மேல இருந்து கீழ கோடு போட்டு, அடிப்பக்கத்த மொதல்ல கழட்டி, குழில எறக்கி வெச்சு அப்பறம் பக்கத்து கவர உருவுங்க. பையில மண்ணு எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டம்தான் தரைலயும். இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா பாட்டில் பாம் அடிய அழகுக்காக இல்ல, ஆடாம நிக்கட்டும்னு அரையடி பொதைச்சுடறாங்க, அந்த குண்டு மண்ணுக்குள்ள போயிட்டா அழுகல் அங்கதான் ஆரம்பிக்கும், பாக்கறதுக்கும் பாட்டிலும் இருக்காது பாமும் இருக்காது.

சுத்தி ஒன்றரை அடி தள்ளி வட்டப்பாத்தி, உள்ள கடலைத் தோல், காஞ்ச மாவிலை, எது கெடைக்குதோ அது மூணு விரக்கடை கனத்துக்கு மூடாக்கு. தண்டு ஓரத்துல மட்டும் நாலு விரக்கடை வெறுமையா விடுங்க.

5. தண்ணி

மொதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அதுக்கப்பறம் வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டாம் வருஷத்துல இருந்து பாட்டில், ட்ரையாங்கிள், லட்டானியா மூணுக்கும் கோடைல பத்து நாளைக்கு ஒரு தடவ ஆழமா ஊத்தினா போதும். தெனமும் ஒரு சொம்பு ஊத்தறவங்க செடிதான் மொதல்ல சாகும்.

போர்த் தண்ணி உப்பா இருக்கறது நம்ம பக்கத்து தலையெழுத்து, ப்ளூரைடு வேற. பாட்டில் பாம் கடல் சாரல்ல வளந்தது, ஓரளவு தாங்கும். அரிக்கா தாங்காது, இலை நுனி பழுப்பாகி கருகிட்டே வரும், கத்தரிக்கோல்ல நுனிய வெட்டி வெட்டி அழகு பண்ணிகிட்டு இருக்கறத விட மாடில விழற மழைத் தண்ணிய ஒரு டிரம்ல புடிச்சு வெச்சு அத ஊத்துங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குழாய்ல வருதேன்னு செடிக்கு திருப்பி விடறத மட்டும் பண்ணாதீங்க, அது குடிக்கறதுக்கு.

6. ஆடு, அப்பறம் மொதல் கோடை

ரவுண்ட் ஐலண்ட்ல அந்தக் காட்டை அழிச்சது வேற யாரும் இல்ல, ஆடும் முயலும். 19ம் நூற்றாண்டுல கப்பல்காரங்களுக்கு கறிக்கு ஆகட்டும்னு கொண்டு போய் விட்டாங்க, அது ரெண்டும் மொளைக்கற கன்னு ஒண்ணு விடாம மேஞ்சு, வேர் புடிப்பு போய், மண்ணு கடலுக்கு ஓடிடுச்சு. பெரிய மரம் நின்னுகிட்டே இருந்துச்சு, கீழ வாரிசு மட்டும் வரல. 1979ல ஆட்டையும் 1986ல முயலையும் மொத்தமா ஒழிச்சதுக்கு அப்பறம்தான் கன்னு தலை தூக்கிச்சு. 2007ல இருந்து அல்டாப்ரா ராட்சத ஆமைங்கள அங்க கொண்டு போய் விட்டிருக்காங்க, முன்ன அங்க இருந்து அழிஞ்சு போன ஆமை செஞ்ச வேலைய, அதாவது பழத்த தின்னு விதைய பரப்பறத, இதுங்க செய்யட்டும்னு.

நம்ம வீதில எத்தன வெள்ளாடு திரியுதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வேலி இல்லாம நடாதீங்க. நாலு மூங்கில் குச்சி நட்டு பச்ச வலைய சுத்தினது ஆட்டுக்கு ஒரு தடையே இல்ல, கால தூக்கி வெச்சு மேல இருந்து குருத்த கடிச்சுடும், பாமுக்கு ஒரே குருத்து, அது போச்சுன்னா மரமே போச்சு. நாலடி உயரத்துக்கு வெல்டு மெஷ் வளையம், தண்டுல இருந்து ரெண்டடி தள்ளி. இல்லன்னா சீமைக் கருவேல முள்ளு வெட்டி சுத்தி அடைச்சு வைங்க, காசு செலவே இல்ல, அந்த மரத்தால ஒரு பிரயோஜனமாவது ஆகட்டும்.

மொதல் கோடைல, பங்குனி சித்திரைல, நெழல்வலைக்கு கீழயே வளந்த கன்னு நேரடி வெயில்ல இலை வெந்து போகும். மேக்குப் பக்கம் மட்டும் தென்னை ஓலையோ பழைய சேலையோ கட்டி மறச்சா போதும், காலை வெயில் படட்டும். ரெண்டாவது கோடைக்கு ஒண்ணும் தேவையில்ல.

7. மட்டை மஞ்சளானா வெட்டாதீங்க

இது ஒண்ண மட்டும் எல்லார்கிட்டயும் சண்டை போட்டே சொல்லிட்டு இருக்கேன். பாட்டில் பாமுக்கு சாம்பல் சத்துப் (பொட்டாஷ்) பற்றாக்குறை சீக்கிரம் வரும், அடி மட்டைல மஞ்சளும் ஆரஞ்சுமா புள்ளி புள்ளியா வரும், நுனி காயும். தோட்டக்காரர் வந்து சுத்தம் பண்றேன்னு அந்த மட்டைய வெட்டிட்டு போவார். மரம் பழைய மட்டைல இருக்கற பொட்டாஷ உறிஞ்சித்தான் புதுக் குருத்துக்கு குடுத்துகிட்டு இருக்கு, அத வெட்டினா அடுத்த மட்டைல இருந்து உறிஞ்சும், அதையும் வெட்டினா அதுக்கடுத்தது, இருக்கறதே அஞ்சு மட்டை. முழுசா காஞ்ச மட்டை தானா கழண்டு விழும், அதுவரைக்கும் கை வெக்காதீங்க.

பொட்டாஷ் குடுக்கறதுல, உப்புத் தண்ணி இருக்கறவங்க எம்ஓபி (குளோரைடு பொட்டாஷ்) வாங்காம எஸ்ஓபி, சல்பேட் பொட்டாஷ் வாங்குங்க. ஒரு கைப்பிடி, கூட கொஞ்சம் மக்னீசியம் சல்பேட், வட்டப்பாத்தி ஓரமா தூவி தண்ணி விடறது, வருஷத்துக்கு மூணு நாலு தடவ. யூரியா வேணாம், சும்மா தளதளன்னு வளந்து பூச்சிக்கு விருந்தாகும். சத்து போட்டதுக்கு பலன் பழைய மட்டைல தெரியாது, புதுசா வர்ற மட்டைலதான் தெரியும், அதுக்கு மாசக்கணக்கா ஆகும்.

8. பூச்சி

வெள்ளை ஈ வந்துடுச்சுன்னா மொதல்ல இலை அடில வேகமா தண்ணி பீச்சி அடிங்க, அதுலயே பாதி போகும். அப்பறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைச்சு, சாயங்கால நேரத்துல. கடுமையான மருந்த அடிச்சா அந்த ஈய திங்கற என்கார்சியா குளவியும் சேந்து செத்து அடுத்த மாசம் ரெண்டு மடங்கா வரும்.

காண்டாமிருக வண்டுக்கு லட்டானியா, ட்ரையாங்கிள் மாதிரி மட்டை இடுக்கு இருக்கற வகைங்கள்ல வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு மணல் ரெண்டு பங்கு கலந்து இடுக்குல போடுங்க. எருக்குழிக்கு பக்கத்துல பாம் வெக்காதீங்க. சிவப்புக் கூன்வண்டு பெரும்பாலும் தண்டுல இருக்கற காயம் வழியாத்தான் உள்ள போகும், அதனால சீரியல் லைட்டு மாட்டறதுக்கு தண்டுல ஆணி அடிக்கறவங்கள பாத்தா ரெண்டு வார்த்தை சொல்லுங்க.

9. காய் காய்ச்சா என்ன பண்றது

பாட்டில் பாம்ல ஆண் பூவும் பெண் பூவும் ஒரே குலைல இருக்கும், மட்டை அடியெல்லாம் சேந்து தண்டு மாதிரி நிக்கற பச்சைக் கழுத்துக்கு கீழ கொம்பு கொம்பா பாளை நீட்டும். பழம் பழுத்து விழுந்ததும் சதைய உரிச்சு, ரெண்டு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊற வெச்சு, தேங்காய் நார்க் கழிவும் மணலும் பாதிப் பாதி கலந்த தொட்டில விதை மறையற அளவுக்கு மட்டும் வெச்சு, மேல பாலித்தீன் கவர் மூடி நெழல்ல வைங்க. ரெண்டு மாசத்துலயும் வரலாம், ஆறு மாசமும் ஆகலாம், தோண்டித் தோண்டி பாக்காதீங்க. பழைய காஞ்ச விதை வேலைக்காகாது, புதுசா இருக்கணும். கையுறை போட்டுக்கங்க, சில பாம் வகைங்களோட பழச்சாறு, குறிப்பா கூந்தல் பனையோடது, கைய அரிச்சு எடுத்துடும்.

இங்கதான் மொதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். பாட்டில் பாமும் ஸ்பிண்டில் பாமும் பக்கத்து பக்கத்துல நின்னா கலந்துடும். காட்டுல அதுங்க வேற வேற தீவு, நடுவுல கடலு, கலக்கறதுக்கு வழியே இல்ல. நர்சரிலயும் பங்களா தோட்டத்துலயும் ஒரே வரிசைல வெச்சிருப்பாங்க, அதுல இருந்து எடுத்த விதை அடியும் குண்டு நடுவும் குண்டுன்னு ரெண்டும் கெட்டானா வருது. வீட்டு வாசலுக்கு அது போதும். ஆனா இனத்த காப்பாத்தறதுக்கு அந்த விதை உதவாது. மொரீசியஸ்ல காடு வளக்கறவங்க எந்த விதை எந்த மரத்துல இருந்து வந்துச்சுன்னு எழுதி வெச்சுகிட்டுத்தான் நடறாங்க, அங்க நல்ல நெலைல மிச்சம் இருக்கற இயற்கைக் காடே 2 சதவீதத்துக்கும் கீழ.

மரம் உயிரோட நிக்கறதும் இனம் பெருகறதும் ஒண்ணு இல்ல. அதே பாட்டில் பாம் குடும்பத்துல ஹையோஃபோர்பி அமரிகாலிஸ்னு ஒண்ணு, மொரீசியஸ் கியூர்பிப் தாவரவியல் தோட்டத்துல ஒத்த மரமா நிக்குது, உலகத்துலயே வேற கெடையாது. ஆண் பூ விரியற நேரம் வேற, பெண் பூ விரியற நேரம் வேற, அதனால தனக்குத் தானே காய்க்கறதே கஷ்டம். ரோட்ரிக்ஸ்ல கஃபே மரோன்னு காப்பிச் செடிக்கு சொந்தமான ஒரு செடி, அழிஞ்சே போச்சுன்னு நெனச்சது, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் ரோட்டோரமா கண்டுபுடிச்சான். 1986ல அதுல இருந்து வெட்டின குச்சிங்கள லண்டன் கியூ தோட்டத்துக்கு கொண்டு போனாங்க, நல்லா வளந்துச்சு, நல்லா பூத்துச்சு, ஆனா மொதல் விதை வர 2003 ஆச்சு.

அதனால புதுசா ஆரம்பிக்கறவங்க ஒரு நோட்டு போடுங்க. எந்த நர்சரி, எந்த மாசம், என்ன வகை, விதைன்னா எந்த மரத்தோடது, பக்கத்துல வேற ஹையோஃபோர்பி இருந்துச்சா. பழைய பெயிண்ட் டப்பா மூடிய வெட்டி, ஆணியால எண்ணு கீறி, கம்பி போட்டு வேலில கட்டுங்க (மரத்துல இல்ல). மழைலயும் அழியாது. பேனால எழுதின லேபிள் ஒரு கோடைக்கு கூட தாங்காது.

மொரீசியஸ்ல சொந்தக்காரங்க இருக்கறவங்க நம்ம பக்கமும் உண்டு, அங்க ரூபா நோட்டுலயே தமிழ் எழுத்து இருக்கு, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. அவங்க ஊருக்கு வர்றப்ப பையில ரெண்டு விதை போட்டு கொண்டாங்கன்னு கேக்காதீங்க. 2003 தாவரத் தடுப்புக் காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டோட தாவர நலச் சான்றும் இல்லாம விதை உள்ள வரக்கூடாது, ஏர்போர்ட்ல புடிச்சா அவங்களுக்குத்தான் சிக்கல், புடிக்கலன்னா அதோட என்ன பூச்சி, என்ன பூஞ்சை வருதுன்னு யாருக்கும் தெரியாது.

நெசமாவே அழியற மரத்துக்கு ஏதாவது செய்யணும்னு மனசு இருந்தா, ஒரு பாட்டில் பாம் வெக்கற எடத்துல ரெண்டு நம்ம மரம் வைங்க. ஒகேனக்கல் பக்கத்து காட்டுல நிக்கற ஆச்சா, அப்பறம் சந்தனம், இது ரெண்டும் இந்த மண்ணுக்காரங்க. சந்தனத்துக்கு பக்கத்துல துவரையோ அகத்தியோ சேத்து நடணும், அது வேர வேரோட கோத்து சத்து எடுக்கற மரம், தனியா நட்டா தேறாது. காவிரி வடக்கு சரணாலயத்துக்குள்ள போய் கன்னு புடுங்கிட்டு வந்துடாதீங்க, அது குத்தம். வனத்துறை நர்சரிலயே கன்னு கேட்டுப் பாருங்க, ஆடி வர்றதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சுட்டா கெடைக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி.